கல் முகங்களும் கட்டுக்கதைகளும்

“மனிதனால் ஆகக்கூடிய காரியமா இது? விண்ணிலிருந்து வந்தவர்கள் செய்து வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்!”

வியந்தவர் எழுத்தறியாதவரல்லர், பட்டம் பெற்றவர், பதவியில் இருப்பவர். அவர் நீட்டிய படத்திலே பசும்புல் போர்த்த மலைச்சரிவு. சரிவெங்கும் மார்பளவு மண்ணில் புதைந்து நிற்கும் நெடுங்கல் முகங்கள். நீண்ட மூக்கு, நீண்ட காது, இறுகிய உதடு, எதற்கும் தாழாமல் நிமிர்ந்த மோவாய். பசிபிக் மாகடலின் நடுவே, சிலி நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டருக்கு அப்பால், தன்னந்தனியாகக் கிடக்கும் ராப்பா நூயி என்னும் தீவின் சிலைகள் அவை. ஈஸ்டர் தீவு என்று ஏடுகள் எழுதுவது அதைத்தான்.

அவரை விடுவோம், அவர் நம்மவரல்லர். சில நாட்களுக்குப் பின், நம்முடைய கூட்டம் ஒன்றிலே, நம்முடைய பேச்சாளர் ஒருவர் அதே தீவைப் பற்றி முழங்கினார். “கல்லைத் தெய்வமென்றான்! கல்லை உருட்ட மரத்தை வெட்டினான்! கடைசி மரத்தையும் வெட்டினான்! மண் கெட்டது, பசி வந்தது, மனிதனை மனிதன் தின்றான்! சிலை நின்றது, இனம் செத்தது! மூடநம்பிக்கையின் முடிவு இதுதான் தோழர்களே!” கரவொலி அடங்க நெடுநேரம் ஆயிற்று.

பத்தாண்டுகட்கு முன்பாக இருந்தால் நானும் கை தட்டியிருப்பேன். தட்டியிருப்பேன் என்பதென்ன, அதே கதையை அதே ஏற்ற இறக்கத்தோடு மேடையிலே சொன்னவனே நான்தான்! இன்று அந்தக் கரவொலி என் காதைக் கூசச் செய்கிறது. ஏனெனில் பட்டம் பெற்றவர் சொன்னது எவ்வளவு பொய்யோ, அவ்வளவுக்கு நம் பேச்சாளர் சொன்னதும் பொய். அவர், அத்தீவு மக்களால் எதுவும் ஆகாது என்றார். இவர், அம்மக்களால்தான் எல்லாம் அழிந்தது என்றார். அவர் உழைத்தவனின் கையை மறைத்தார். இவர் கொன்றவனின் கையை மறைத்துவிட்டார்.

முதலில் கல்லைக் காண்போம்.

ரானோ ரராக்கு என்பது அணைந்துபோன எரிமலை. அதன் சாம்பல் இறுகிப் பாறையானது. தீவெங்கும் உள்ள ஏறத்தாழ ஆயிரம் சிலைகளில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பாறையிலே பிறந்தவை. இரும்பு உளியா? இரும்பே அவர்கள் அறியாதது. அதைவிடக் கடினமான கருங்கல்லைக் கைக்கு அடங்க உடைத்துக் கூராக்கிக் கொண்டார்கள். ‘தோக்கி’ என்பது அதன் பெயர். அதைக்கொண்டு கொத்தினார்கள், கொத்தினார்கள், முகம் தோன்றும் வரை கொத்தினார்கள். ஏறத்தாழ 400 சிலைகள் இன்னும் மலையை விட்டு வெளியேறாமலே இருக்கின்றன. ஒன்று, மூக்கும் நெற்றியும் மட்டும் வெளிப்பட்டுப் பாறைக்குள் உறங்குகிறது. மற்றொன்று, முழுவதும் முடிந்து முதுகில் மட்டும் தாய்ப்பாறையோடு ஒட்டிக் கிடக்கிறது. கல்லுக்குள்ளே உளிக்கு அடங்காத கட்டி குறுக்கிட்டதால் பாதியிலே கைவிடப்பட்டவையும் உண்டு. எல்லாவற்றிலும் பெரியது 21 மீட்டர் நீளம். படுத்தது படுத்தபடியே இருக்கிறது, எழவேயில்லை.

கோள் விட்டுக் கோள் பறந்துவந்த பேரறிவாளர்கள், கல்லில் கட்டி இருப்பதைக் கொத்திப் பார்த்துத்தானா அறிவார்கள்? தேய்ந்த கருவியை அடிவாரத்திலே எறிந்துவிட்டு வேறு கருவி தேடுவார்களா? அந்த மலை ஒரு பட்டறை. பட்டறைக்கே உரிய பிழையும், சலிப்பும், மறுமுயற்சியும் அங்கே கண்ணுக்குத் தெரியக் கிடக்கின்றன. தெய்வம் செய்ததற்கு ஒரு தடயமுமில்லை. ஆள் செய்ததற்கு அடிக்கு அடி தடயம்.

ஆயினும் இந்த மறுப்பு நேற்றுத் தோன்றியதன்று. 1722-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, டச்சுக்காரர் யாக்கோப் ரொக்கவேன் தீவைக் கண்டார். தீவுக்கு அந்தப் பெயர் வாய்த்தது அதனால்தான். தடித்த மரமும் வலிய கயிறும் இல்லாத மக்கள் இவ்வளவு பெரிய உருவங்களை எப்படி நிறுத்தினார்கள் என்று முதலில் திகைத்தார். பிறகு ஒரு சில்லைப் பெயர்த்துப் பார்த்தார். ‘ஓ, களிமண் உருவம்!’ என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். கல்லே களிமண்ணாகிவிட்டது, அந்த மக்களுக்குத் திறமை உண்டென்று ஒப்புவதைக் காட்டிலும் அது எளிதாக இருந்ததால்! அந்த முதற் சந்திப்பிலேயே அவருடைய ஆட்கள் துப்பாக்கியால் பத்துப் பன்னிரண்டு பேரைச் சுட்டு வீழ்த்தினார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிலையைப் பற்றி எழுதுகிற பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

பின்பு வந்தார் நார்வே நாட்டு தோர் ஹெயர்டால். துணிந்த கடலோடி, அதை மறுப்பதற்கில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த வேற்றினத்தார்தாம் சிலை வடித்தவர்கள் என்பது அவர் கொள்கை. 1955-56-இல் அவர் அங்கே ஆய்வு நடத்தியபோது விழுந்து கிடந்த சிலையொன்றை நிமிர்த்திக் காட்டியவர்கள் யார்? தீவின் மக்கள்! பன்னிரண்டே பேர். மரத்தால் நெம்பினார்கள், நெம்பிய இடுக்கிலே கல்லை அடைத்தார்கள், மீண்டும் நெம்பினார்கள், மீண்டும் அடைத்தார்கள். பதினெட்டாம் நாள் சிலை மேடைமீது நின்றது. செயல் கண்முன்னே நடந்தது. கொள்கை மட்டும் அசையவில்லை!

அதற்குப் பன்னிரண்டாண்டு கழித்து, 1968-இல், எரிக் ஃபான் டேனிகன் ஒரு நூல் எழுதினார். விண்ணவர் வந்த கதை அது. இந்தச் சிலைகளும் அதற்குச் சான்றாக இழுக்கப்பட்டன. உலகெங்கும் விற்றது. பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்கு இறக்கையே இருந்தது. பெரிய மண்டபத்தைக் கண்டால் ‘பூதம் கட்டியது’ என்று திண்ணையிலே பேசும் பாட்டியைப் பார்த்துச் சிரிக்கிறோம். பாட்டியின் பூதம் வெள்ளுடுப்பும் கண்ணாடித் தலைக்கவசமும் அணிந்து வந்தால் மட்டும் அறிவியல் ஆகிவிடுமா?

இங்கே ஓர் இடைச்சொல். அச்சிலையின் பெயர் அவர்கள் மொழியில் ‘மோவாய்’. நம் மொழியில் மோவாய் என்றால் முகவாய்க்கட்டை. சிலையிலோ அதுவே முன்தள்ளி நிற்கிறது. தம்பி, உடனே எழுந்துவிடாதே, ‘தமிழன் போய்ச் செதுக்கினான்’ என்று! ஓசை ஒற்றுமை வேறு, உறவு வேறு. 1932-இல் கியோம் தெ எவெசி என்பார் சிந்துவெளி முத்திரை எழுத்தையும் அத்தீவின் ரோங்கோரோங்கோ எழுத்தையும் அருகருகே வைத்து, ‘பார், பார், ஒன்றே!’ என்றார். இடையிலே மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. உலகின் பாதியளவு கடலும் நிலமும். ஆராய்ந்தவர்கள் அதை ஏற்கவில்லை. நம் பெருமைக்காகச் சொல்லப்பட்டாலும் பிறன் உழைப்பைப் பறிப்பது பறிப்பதுதான்.

சரி, மலையிலிருந்து கடற்கரை மேடைக்குச் சிலை எப்படிப் போயிற்று? “நடந்து போயிற்று” என்றார்கள் தீவின் முதியோர்கள். கேட்டவர்கள் நகைத்தார்கள். நாமும் நகைத்திருப்போம், கல் நடக்கும் என்றால் நமக்கு நகைப்பு வராமலிருக்குமா! ஆனால் வழியிலே விழுந்து கிடக்கும் சிலைகளின் அடிப்பகுதியை அளந்து பார்த்த டெரி ஹண்ட், கார்ல் லிப்போ ஆகிய ஆய்வாளர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். அவ்வடி அகன்று, முன்புறம் வளைந்து, சிலை சற்றே முன்சாய்ந்து நிற்கும்படி இருந்தது. 2012-இல் வெளியிட்ட சோதனையில், 4 டன்னுக்கு மேற்பட்ட படிமம் ஒன்றை நிறுத்தி, மூன்று கயிறுகள் கட்டி, 18 பேர் இருபுறமும் மாறி மாறி இழுத்தார்கள். சிலை இடமும் வலமும் அசைந்து, அடிமேல் அடிவைத்து, 40 நிமிடத்தில் 100 மீட்டர் நடந்தது! முதியோர் சொன்னதில் மாயம் இருந்தது என நினைத்தோம், கயிறு இருந்தது. எல்லாச் சிலையும் இப்படியே சென்றதா, சறுக்குக்கட்டையில் சென்றவையும் உண்டா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்குண்டு. விண்கலத்துக்கு அந்த வழக்கிலே இடமில்லை.

சராசரிச் சிலை 4 மீட்டர் உயரம், 12 டன் எடை. மேடையேறியவற்றுள் மிகப் பெரியதான ‘பாரோ’ ஏறத்தாழ 10 மீட்டர்; 80 டன்னை ஒட்டிய எடை. அதன் தலையில் வேறொரு மலையின் செங்கல்நிறப் பாறையை உருளையாக வெட்டி முடிபோல் ஏற்றியிருந்தார்கள். இவ்வளவு கைகள் ஓர் ஒலிக்கு ஒன்றாக இழுத்திருக்க வேண்டும். இழுத்தவர்களுக்கு உணவு விளைந்திருக்க வேண்டும். உணவு விளைவித்தவர்களுக்கு ஓய்வும் கணக்கும் இருந்திருக்க வேண்டும். கல்லைப் பார்த்து வியப்பவர்கள் அந்த ஏற்பாட்டை எண்ணிப் பார்த்து வியக்கட்டும்!

இனி அதன் பொருள் என்ன என்பதற்கு வருவோம்.

பலர் எண்ணுவதுபோல் அவை கடலை நோக்கிக் காத்திருப்பவையல்ல. கடற்கரை மேடைகளில் நின்றவை கடலுக்கு முதுகைக் காட்டி ஊரை நோக்கி நின்றன. மேடையின்கீழும் அருகிலும் இறந்தோரைப் புதைத்தார்கள். சிலை, மறைந்த தலைவனின், மூதாதையின் முகம்; குடியைக் காக்கும் முகம். 1978-இல் அனகேனா மணலிலே வெண்பவளத்தால் செய்த கண் ஒன்று கிடைத்தது. மணி செங்கல்நிறக் கல். குழி என்று உலகம் நினைத்திருந்த இடத்தில் கண் இருந்தது! கண் பொருத்தியபின்தான் மூதாதையின் ஆற்றல் ஊர்மீது விழும் என்பது அவர்கள் நம்பிக்கை. 2019-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இன்னும் சில சொல்லின. ஒன்று, மேடைகள் பெரும்பாலும் நன்னீர் கசியும் கரையோரங்களை ஒட்டியே அமைந்தன என்றது. ஆறு ஓடாத தீவில் அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று, சிலை வெட்டிய மலையடிவார மண்ணே தீவில் வளமிக்கது, அங்கே வாழையும் சேம்பும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பயிரான தடயம் உண்டு என்றது. மலை உடைந்து தூளாகியதும் மண்ணுக்கு உரமாயிற்று. முகம் எங்கே நின்றதோ அங்கே குடி வாழ்ந்தது, குடித்தது, உண்டது, புதைந்தது.

மூதாதையின் ஆற்றல் கல்லிலே இறங்கும் என்பதை நான் நம்பவில்லை. நம்பும்படி எவரையும் கேட்கவும் மாட்டேன். தலைவன் குடியின் புகழுக்காக எத்தனையோ எளியவர் தோள் தேய்ந்திருக்கும் என்பதையும் மறுக்கமாட்டேன். ஆற்றல் இறங்கியதாக நினைத்தது பிழை; இறங்கியதாக நினைத்தவன் மலையை முகமாக்கியது உண்மை. பிழைக்காக உண்மையைப் புதைக்கும் உரிமை பகுத்தறிவுக்குக் கிடையாது.

இப்போது நம் பேச்சாளரின் மரத்துக்கு வருகிறேன்.

தீவில் பனையினக் காடு இருந்தது, மறைந்தது. அது உண்மை. சிலை இழுக்க வெட்டியதால் மறைந்தது என்பது கதை. பயிரிட நிலம் திருத்தினார்கள். தோணியில் கூடவந்த எலி, விதைக் கொட்டைகளைக் கடித்துத் தின்றது. மரம் போனபின் மக்கள் சோர்ந்து செத்தார்களா? நிலத்திலே கல்லைப் பரப்பினார்கள். காற்றின் வெப்பையும் குளிரையும் தணித்து, ஈரம் காத்து, கல்லுக்கிடையே கிழங்கு விளைவித்தார்கள். அந்தக் கல்வேளாண்மையின் பரப்பை வானிலிருந்து எடுத்த படங்களால் அளந்து 2024-இல் வெளியான ஆய்வொன்று, தீவு ஏறத்தாழ 3,000 மக்களையே தாங்கியிருக்கும் என்று கணித்தது. பதினையாயிரம், இருபதாயிரம் என்று முன்பு அடுக்கினார்களே, அந்தப் பெருந்தொகை இருந்ததுமில்லை, செத்ததுமில்லை. அதே ஆண்டு, பாரிசு நகர அருங்காட்சியகத்தில் இருந்த 15 தீவினரின் எலும்புகளிலிருந்து மரபணுவைப் படித்த ஆய்வும் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் மக்கள்தொகை சரிந்ததற்கான அடையாளமே அதில் இல்லை. சிறிய இனம், ஆனால் 1860-கள் வரை சீராகப் பெருகிய இனம் என்று அது காட்டியது.

1860-கள் வரை! பிறகு?

1862 இறுதியில் பெருநாட்டிலிருந்து கப்பல்கள் வந்தன, ஆள் பிடிக்க. ஏறத்தாழ 1,500 பேரைப் பிடித்துச் சென்றார்கள். ஆணும் பெண்ணும், தலைவனும் தலைவன் மக்களும், ரோங்கோரோங்கோ எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும். பெருநாட்டில் அவர்கள் நோயாலும் வேலையாலும் மடிந்தார்கள். உலகின் கண்டனம் எழுந்தபின் திருப்பியனுப்பப்பட்டவர்களில் கரை சேர்ந்தவர் ஒரு சிலர். அவர்களோடு சேர்ந்து இறங்கியது பெரியம்மை. எழுத்தைப் படிக்க ஆளில்லை, மரப்பலகைகள் ஊமையாயின. 1877-இல் தீவில் எஞ்சியவர்களை எண்ணினார்கள். நூற்றுப் பதினொருவர்!

தோழர்களே, ‘கடைசி மரத்தை வெட்டியவன் என்ன நினைத்திருப்பான்?’ என்று ஜாரெட் டயமண்ட் 2005-இல் தம் நூலிலே கேட்ட கேள்வி உலகெங்கும் எதிரொலித்தது. 1,500 பேரைக் கப்பலில் ஏற்றியவன் என்ன நினைத்திருப்பான் என்று கேட்க எத்தனை நூல்கள் எழுந்தன?

அம்மட்டோ! 1888-இல் சிலி நாடு தீவைத் தனதாக்கிக்கொண்டது. 1903-இலிருந்து 1953 வரை, வில்லியம்சன் பால்ஃபர் என்னும் வணிகக் குழுமத்தின் ஆட்டுப்பண்ணையாக அந்தத் தீவு இருந்தது. ஆடுகள் தீவெங்கும் மேய்ந்தன; மக்கள் ஹங்கா ரோவா என்னும் ஒரே ஊரில், மதிலுக்குள்ளே அடைக்கப்பட்டார்கள். மூதாதையின் முகம் நின்ற கரைக்குப் போகவும் இசைவு வேண்டும்! அதன்பின் கடற்படை ஆட்சி. 1966-இல்தான் அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. மேடையிலே நாம் சொன்ன கதையில் இவற்றில் ஒரு வரியாவது இருந்ததா?

சிலைகள் விழுந்தது குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் நம் இளைஞர்களுக்கு அந்த இடம் இனிக்கும். 1722-இல் நின்றவற்றைப் பலர் கண்டனர். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் கடந்தபோது மேடைமீது ஒன்றுகூட நிற்கவில்லை. தீவினரே பலவற்றைக் கவிழ்த்தார்கள். ‘சிலை உடைத்தான், நம் ஆள்!’ என்று ஒரு தோழர் என்னிடம் மகிழ்ந்தார். பொறுங்கள். குடிகளுக்குள்ளே பகை மூண்டபோது எதிரிக் குடியின் மூதாதையைக் குப்புறத் தள்ளினார்கள் என்பது அவர்களுடைய மரபுச் செய்தி. அறிவு தெளிந்து தள்ளியதன்று. முகத்துக்கு ஆற்றல் உண்டு என்று முழுமையாக நம்பியதால் தள்ளியது. அதில் நமக்கு வெற்றிமாலை எதுவுமில்லை.

கவிழ்ந்தவற்றுள் சிலவற்றை இருபதாம் நூற்றாண்டில் நிமிர்த்தினார்கள். தொங்காரிக்கி மேடையின் 15 சிலைகளை 1960-ஆம் ஆண்டு சிலி நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை உள்நாட்டுக்கு வாரி எறிந்திருந்தது; 1990-களில் சப்பானியப் பாரந்தூக்கியின் துணையோடு மீண்டும் நிறுத்தினார்கள். 2017-இல் பூங்காவின் ஆட்சிப்பொறுப்பு தீவினரின் அமைப்பிடம் வந்தது. 2022 அக்டோபரில் மலைச்சரிவிலே தீ பரவிச் சில முகங்களைக் கருக்கியது. காற்றும் மழையும் உப்பும் ஒருபுறம் தின்றுகொண்டேயிருக்கின்றன. சாம்பற்கல் நிலையாக நிற்பதற்குப் பிறந்த கல்லன்று.

‘நம் கதை பொய்யானாலும் நோக்கம் நல்லதுதானே, மூடநம்பிக்கையைத் தாக்கத்தானே சொன்னோம்’ என்று அந்தப் பேச்சாளர் என்னிடம் வாதாடினார். நல்லவர், உழைப்பவர், என்மீது கோபமும் கொண்டார். புராணிகனும் அதைத்தானே சொல்கிறான்? ‘கதை எப்படியிருந்தால் என்ன, மக்கள் நல்வழிப்படத்தானே சொல்கிறோம்’ என்று! அவன் சொன்னால் புரட்டு, நாம் சொன்னால் பரப்புரையா? அவனிடம் ‘சான்று எங்கே?’ என்று கேட்கும் வாயைக்கொண்டே நம்மையும் கேட்டுக்கொள்ள அஞ்சினால், மேடையும் ஒலிபெருக்கியும்தான் நம்முடையவை, மற்றவை அவனுடையவை. அவர் இதற்கு விடை சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தக் கதையையும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இன்னும் ஒரு சிலை பாக்கி. அது தீவில் இல்லை; இலண்டனில் இருக்கிறது. ஹோவா ஹக்கனனையா என்பது அதன் பெயர். கருங்கல்லால் ஆனது, 2.42 மீட்டர் உயரம், 4 டன் எடை. ஓரோங்கோ என்னும் சடங்கூரிலே கல்வீடு ஒன்றினுள் பாதி புதைந்து நின்றது. முதுகில் பறவைமனிதர் உருவங்கள், மேலே செஞ்சாந்தும் வெண்சாந்தும். 1868-இல், ஆள்பிடிக்கும் கப்பல்கள் வந்துபோன ஐந்தாறு ஆண்டுகளுக்குள், பிரித்தானியக் கடற்படையின் ‘டோப்பாஸ்’ கப்பலார் அதைப் பெயர்த்துக் கரைக்கு இழுத்து வந்தார்கள். கப்பலுக்கு மிதக்கவிட்டுக் கொண்டு சென்றபோது கடல்நீர் வண்ணத்தைக் கழுவிவிட்டது. விக்டோரியா அரசி அதை அருங்காட்சியகத்துக்கு அளித்தார். எடுத்தவர் கொடுக்க, கொடுத்ததை வைத்தவர் இன்றும் வைத்திருக்கிறார்!

2018-இல் தீவிலிருந்து ஒரு குழு இலண்டனுக்குச் சென்று அதைத் திருப்பித் தரும்படி கேட்டது. வெறுங்கையோடு கேட்கவில்லை. சிலையைக் கொடுங்கள், அருங்காட்சியகத்தின் இடம் வெறுமையாக இருக்க வேண்டாம், அதேபோல் ஒன்றை நாங்களே செதுக்கித் தருகிறோம் என்றார்கள். செதுக்குவதற்குத் தீவின் சிற்பி ஒருவர் முன்வந்தும் இருந்தார்.